வரத்துக்கால் தூர்ந்த கண்மாய்: தொழிற்சங்க உறுப்பினர் எண்ணிக்கை பற்றிச் சில குறிப்புகள்

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்ததும் எங்கள் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் இரண்டே கேள்விகள்தான் ஓடின. ஏக்கர் என்ன விலைக்குப் போகும்? வேலை யாருக்குக் கிடைக்கும்? பி.எம். மித்ரா என்ற அந்தத் திட்டத்தில் ஏழு மாநிலங்களுக்கு ஏழு பூங்காக்கள். ஒவ்வொரு பூங்காவிலும் நேரடியாக ஒரு லட்சம் பேருக்கும் மறைமுகமாக இரண்டு லட்சம் பேருக்கும் வேலை என்பது ஒன்றிய அரசின் மதிப்பீடு. மானாவாரியையும் சீமைக்கருவேல மூட்டக் கரியையும் சிவகாசிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனையும் நம்பி இருக்கிற ஊர்களுக்கு இது சின்ன விஷயம் கிடையாது. பாதிக்கணக்குப் பலித்தாலும் பெரிசுதான்.

எனக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது. அந்த ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர் ஏதாவது ஒரு தொழிற்சங்கத்தில் இருப்பார்கள்? குழுவில் கேட்டேன். ஒருத்தர் சிரிப்பு எமோஜி போட்டார். இன்னொருத்தர் "மில்லு வரட்டும்யா முதல்ல" என்றார். நியாயம்தான். ஆனால் பகலில் கோடு எழுதிவிட்டு இரவில் எக்செல் தாள்களோடு உட்காரும் ஆசாமிக்கு அப்படி விட மனசு வராது. பணக்கார நாடுகள் நூறு வருசமாக இந்தக் கணக்கை வைத்திருக்கின்றன. அதைப் படித்தால் நம் பக்கம் என்ன நடக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாமே என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று.

முதலில் பின்னம்

வேலை பார்ப்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் சங்க உறுப்பினர் என்பதைச் 'சங்க அடர்த்தி' என்கிறார்கள். மேலே உறுப்பினர் எண்ணிக்கை, கீழே கூலிக்கோ சம்பளத்துக்கோ வேலை செய்வோர் எண்ணிக்கை. ஆறாங்கிளாஸ் பின்னம். ஆனால் பகுதியில் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லா வம்பும் இருக்கிறது.

இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியத் தொழிற்சங்கங்களின் உறுப்பினர் கணக்கை அரசு கடைசியாகச் சரிபார்த்து முடித்தது 2002ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து. மொத்தம் சுமார் 2.48 கோடி உறுப்பினர்கள் என்று வந்தது. அந்த ஆண்டு அமைப்புசார் துறையில் வேலை பார்த்தவர்கள் சுமார் 2.72 கோடி. வகுத்தால் 91 சதவீதம், ஸ்வீடனையே மிஞ்சிவிட்டோம்! அதே 2.48 கோடியை 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லும் 40.2 கோடி உழைப்பாளர்களால் வகுத்துப் பாருங்கள். 6 சதவீதம். இரண்டுமே அரசாங்க எண்கள்தான். முதல் பின்னம் தப்பு, ஏனென்றால் அந்த 2.48 கோடியில் விவசாயக் கூலிகளும் பீடி சுற்றுகிறவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் நிறைய. அவர்கள் கீழே உள்ள 2.72 கோடிக்குள் வரவே மாட்டார்கள். இரண்டாவதில் சொந்த நிலத்தில் உழுகிறவரும், பெட்டிக்கடை வைத்திருப்பவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் எந்த முதலாளிக்கு எதிராகச் சங்கம் வைப்பார்கள்?

பணக்கார நாடுகளில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே பெரும்பாலானவர்கள் சம்பளக்காரர்கள். அதனால்தான் ஜெல்லே விசர் என்கிற டச்சு ஆய்வாளர் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து நாடு நாடாகத் தொகுத்த தரவை இன்றைக்கும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள்.

கோடு எப்படி இறங்குகிறது

ஓ.இ.சி.டி. எனப்படும் வளர்ந்த நாடுகள் அமைப்பின் சராசரி 1985இல் 30 சதவீதம். 2016இல் 16. பாதியாகிவிட்டது. அமெரிக்காவில் 1950களில் மூன்றில் ஒருவர் உறுப்பினர், 1983இல் 20.1 சதவீதம், 2024இல் 9.9. அதையும் பிரித்துப் பார்த்தால் அரசு ஊழியர்களில் 32 சதவீதம், தனியார் துறையில் வெறும் 6. பிரிட்டனில் 1979இல் 1.32 கோடி உறுப்பினர்கள் இருந்தார்கள், அதுதான் உச்சம். இன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. ஜப்பானில் 1949இல் 55.8 சதவீதம், இப்போது 16 சதவீதத்துப் பக்கம். ஆஸ்திரேலியாவில் 1990களின் தொடக்கத்தில் 40, இப்போது 13. ஜெர்மனி இரண்டும் ஒன்றான கையோடு 36 சதவீதம் வரை போய், அப்புறம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இந்த வரைபடத்தை முதல் தடவை பார்க்கிற யாருக்கும் ஒரு விளக்கம் உடனே வாயில் வரும்: "ஃபேக்டரி எல்லாம் சீனாவுக்குப் போயிருச்சு, அதனால சங்கமும் போயிருச்சு." இதில் கொஞ்சம் உண்மை உண்டு. சங்கங்கள் பிறந்தது சுரங்கத்திலும் துறைமுகத்திலும் பஞ்சாலையிலும்தான். ஆயிரம் பேர் ஒரே கேட் வழியாக உள்ளே போய் ஒரே சங்கொலிக்கு வெளியே வரும் இடத்தில் ஆள் சேர்ப்பது சுலபம். பத்துப் பேர் இருக்கிற காபிக்கடையில் கஷ்டம்.

ஆனால் இந்த விளக்கம் கனடாவில் இடிக்கிறது. அமெரிக்காவுக்குப் பக்கத்து நாடு. அதே கார் கம்பெனிகள், அதே சினிமா, அதே சீனப் பொருட்கள், அதே அளவு ஆலை மூடல். கனடாவின் அடர்த்தி இன்றைக்கும் 30 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அமெரிக்காவின் மூன்று மடங்கு! ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பேர் உறுப்பினர்கள். அங்கே என்ன, ஊரெல்லாம் உருக்காலையா இருக்கிறது? ஆக, எந்தத் தொழில் என்பது கதையின் ஒரு பகுதி. மீதியை வேறெங்கோ தேடவேண்டும்.

"ஜனங்களுக்குச் சங்கம் பிடிக்காமல் போய்விட்டது" என்பது இரண்டாவது விளக்கம். அதுவும் நிற்கவில்லை. காலப் நிறுவனம் 2022இல் அமெரிக்கர்களிடம் கேட்டபோது 71 சதவீதம் பேர் சங்கங்களை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். 1965க்குப் பிறகு அதுதான் உச்சம். பிடித்திருக்கிறது, ஆனால் சேரவில்லை.

கண்மாயைப் பார்த்த கண்ணோடு

இங்கேதான் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் எனக்கு உதவின. அங்கே சங்கத்தை விட்டு விலகியவர்கள் கூடியதால் அடர்த்தி குறைந்தது என்பதைவிட, வாழ்நாளில் ஒருதரம்கூடச் சேராதவர்கள் கூடிக்கொண்டே போனதால் குறைந்தது என்பதுதான் முக்கியக் கண்டுபிடிப்பு. அப்பா உறுப்பினர். மகன் ராஜினாமா செய்யவில்லை. அவன் சேரவே இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கண்மாய் வற்றினால் முதலில் மடையில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மடை சரியாகத்தான் இருக்கும். வரத்துக்கால் தூர்ந்திருக்கும். இருக்கிற தண்ணீர் பாசனத்துக்கும் வெயிலுக்கும் வழக்கம்போலப் போகும், புதுத் தண்ணீர் வராது. நாலு வருசத்தில் தரை தெரியும்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன் (எண்கள் நானாக வைத்துக்கொண்டவை). ஆயிரம் பேர் வேலை பார்க்கிற பழைய மில். 400 பேர் உறுப்பினர். வருசத்துக்கு நூற்றுக்கு நாலு பேர் ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடத்துக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். உள்ளே இருக்கிற யாரும் சங்கத்தை விட்டு விலகவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர்தான் சேர்கிறார். 20 வருசம் கழித்து அடர்த்தி 23 சதவீதம். 40 வருசம் கழித்து 16. சண்டை இல்லை, கதவடைப்பு இல்லை, ஒரு ராஜினாமாக் கடிதம்கூட இல்லை. வரத்து மட்டும் குறைந்திருக்கிறது. உலக வரைபடத்தில் இறங்கும் பல கோடுகள் கிட்டத்தட்ட இந்த வளைவில்தான் இறங்குகின்றன.

சண்டை போட்டு உடைத்த இடங்களும் உண்டு. 1981இல் ரீகன் 11,000க்கும் மேற்பட்ட விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்களை ஒரே வீச்சில் வேலையைவிட்டு நீக்கினார். நியூசிலாந்தில் 1991இல் வந்த வேலை ஒப்பந்தச் சட்டம் சில வருடங்களிலேயே உறுப்பினர் எண்ணிக்கையைப் பாதியாக்கியது. நம் பம்பாயில் 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடிக்கப்படவே இல்லை, மில்கள்தான் முடிந்துபோயின. இவையெல்லாம் கரை உடைந்த கதைகள். அவை செய்தியாகும், சினிமாவாகும். தூர்ந்த வரத்துக்கால் செய்தியாகாது.

அப்படியானால் வரத்து ஏன் சில நாடுகளில் மட்டும் தூராமல் இருக்கிறது? ஸ்வீடனும் நார்வேயும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். மொழிகூட ஏறக்குறைய ஒருவருக்கொருவர் புரியும். ஸ்வீடனில் அடர்த்தி 70 சதவீதத்தை ஒட்டி, நார்வேயில் 50. முக்கியமான வித்தியாசம் ஒன்று: ஸ்வீடனில் வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகை நிதியைச் சங்கங்கள் நடத்துகின்றன. நார்வே 1938இலேயே அதை அரசின் கைக்கு மாற்றிக்கொண்டது. பெல்ஜியத்தில் கெண்ட் என்ற நகரத்தில் தொடங்கியதால் இதைக் கெண்ட் முறை என்பார்கள். டென்மார்க், பின்லாந்து, பெல்ஜியம் எல்லாம் இந்த வகை. சட்டப்படி, சங்கத்தில் சேராமலே நிதியில் மட்டும் சேரலாம். ஆனால் இருபது வயதுப் பையன் வேலைக்குச் சேர்ந்த அன்று "நாளைக்கு வேலை போனா என்ன பண்றது" என்று யோசிக்கும்போது கண்ணில் படும் முதல் வாசல் சங்கத்தின் வாசல். அவ்வளவுதான் சூட்சுமம்.

வாசலை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சோதனை நடந்திருக்கிறது. பின்லாந்தில் 1992இல் சங்கத் தொடர்பே இல்லாத ஒரு பொது நிதி தொடங்கப்பட்டது. கட்டணம் குறைவு, கூட்டம் கிடையாது, கொடி கிடையாது. இளைஞர்கள் அங்கே போனார்கள், சங்கங்களின் எண்ணிக்கை சரிந்தது. ஸ்வீடனில் 2006இல் வந்த அரசு 2007இல் நிதிக் கட்டணத்தை ஏற்றியது. 2006இல் 77 சதவீதமாக இருந்த அடர்த்தி 2008இல் 71. இரண்டே வருசத்தில் ஆறு புள்ளி! கொள்கையில் யாரும் மனம் மாறவில்லை, பில் தொகைதான் மாறியது.

இதைப் படித்தபோது எனக்கு ஸ்வீடன் தெரியவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் மாதிரியான கட்டடத் தொழிலாளர் சங்க அலுவலகங்கள்தான் தெரிந்தன.

தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது, அதன்கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். அப்புறம் தையல், ஆட்டோ, கைத்தறி, மண்பாண்டம், முடிதிருத்தும் தொழில் என்று வரிசையாக வாரியங்கள். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, விபத்துக்கு உதவித்தொகை; 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம். கட்டுமான வாரியத்துக்குப் பணம் கட்டடச் செலவில் ஒரு சதவீத வரியிலிருந்து வருகிறது. இதற்கெல்லாம் கொத்தனாரும் சித்தாளும் பதிவு செய்யவேண்டும். விண்ணப்பம் நிரப்ப, வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு அலைய, புதுப்பிக்க, பணம் வராவிட்டால் மாவட்ட அலுவலகத்தில் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சங்கம். சந்தா ரசீது அங்கே கிழிக்கப்படும். சங்கம் என்றாலே முதலாளியோடு கூலிக்குச் சண்டை போடுவது என்ற இலக்கணத்தை இது மாற்றியது. இந்திய முறைசாராத் தொழிலாளர்கள் முதலாளியிடம் கேட்பதை விட்டு அரசிடம் கேட்கத் தொடங்கினார்கள் என்று ரீனா அகர்வாலா 2013இல் எழுதிய புத்தகத்தின் மையமே இதுதான். தமிழ்நாடு அவருடைய ஆய்வு மாநிலங்களில் ஒன்று. தினம் ஒரு மேஸ்திரிக்குக் கீழே வேலை செய்கிற சித்தாளுக்கு முதலாளி யார்? சென்னைச் செயலகம்தான்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பெரிய ஆலைகளில் சங்கம் தேய்ந்த அதே 1990களில் இந்தியாவில் சரிபார்க்கப்பட்ட மொத்த உறுப்பினர் எண்ணிக்கை 1989இன் 1.2 கோடியிலிருந்து 2002இல் 2.48 கோடியாக இரட்டித்தது. மேற்கத்திய வரைபடத்தை அப்படியே இங்கே ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இப்போது வாரியப் பதிவு இணையத்துக்கு வந்துவிட்டது. செல்போனிலோ இ-சேவை மையத்திலோ முடித்துவிடலாம். தொழிலாளிக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் பின்லாந்தின் பொது நிதி என்ன செய்ததோ அதைத்தான் இ-சேவை மையமும் செய்யும் என்பது என் கணிப்பு. இருபது வருசம் பொறுத்துப் பார்க்கவேண்டும்.

உறுப்பினர் இல்லாமலே ஒப்பந்தம்

பிரான்சில் அடர்த்தி பத்து சதவீதம்தான், அமெரிக்கா மாதிரி. ஆனால் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் தொழிலாளர்கள் 98 சதவீதம்! சங்கமும் முதலாளிகள் அமைப்பும் ஒரு துறைக்குப் போடும் ஒப்பந்தத்தை அரசு அந்தத் துறை முழுவதற்கும் விரிக்கிறது. ஆகவே "எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள்" என்பதும் "எத்தனை பேருக்குச் சங்கத்தின் பலன் போகிறது" என்பதும் வேறு வேறு எண்கள்.

நமக்குத் திருப்பூர் இருக்கிறது. 1984இல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் உட்கார்ந்து சில வருசத்துக்கு ஒருமுறை போடும் சம்பள ஒப்பந்தம் ஊருக்கே பொதுவான அளவுகோல். சங்கத்தின் பெயர்கூடத் தெரியாத செக்கிங் பெண்ணுக்கும் அந்த ரேட்தான் பேச்சுக்கு அடிப்படை. நடைமுறையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு கதை. எங்கள் மாவட்டத்திலேயே ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரர்கள் இதே மாதிரி கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள். ஒரே ஊர், ஒரே தொழில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அந்த நெருக்கம் பிரெஞ்சுச் சட்டம் செய்யும் வேலையைக் கொஞ்சம் செய்துவிடுகிறது.

1918இலிருந்து 2025 வரை, அவசரமாக

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாகச் சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பிறந்தது. பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள். முன்னால் நின்றவர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார். கம்பெனி வழக்குப் போட்டது. சங்கம் வைத்துத் தொழிலாளர்களைத் தூண்டியதால் நஷ்டம், ஈடு கொடு என்று. உயர் நீதிமன்றம் வாடியாவுக்குத் தடை விதித்தது. அன்றைய சட்டத்தில் சங்கம் என்று ஒரு சொல்லே இல்லை. ஒப்பந்தத்தை மீறத் தூண்டிய ஆள் மட்டும்தான் இருந்தார். அந்தத் தடை கிளப்பிய விவாதம்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பதிவு பெற்ற சங்கத்தின் மேல் இப்படி வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டம் சொன்னது.

இதில் யாரும் பெருமையாகச் சொல்லாத ஒரு பக்கமும் உண்டு. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் கலவரம் நடந்தது. சங்கம் எல்லோருடையதாகவும் இருப்பது தானாக நடப்பதில்லை. யார் வீட்டில் கூட்டம் நடக்கிறது, யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து வரத்துக்கால் சிலர் தெருவுக்கு வராமலே போய்விடும்.

நூறு வருசத்துக்குப் பிறகு அதே 1926 சட்டத்தின் கீழ்தான் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்களும் பதிவு கேட்டார்கள். 2007 முதல் நடக்கும் ஆலை. 2024 செப்டம்பர் 9 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். சட்டத்தில் பதிவாளர் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்கவேண்டும் என்ற கெடு இல்லை. நீதிமன்றம் ஆறு வாரக் கெடு கொடுத்த பிறகு 2025 ஜனவரி 27 அன்று பதிவு கிடைத்தது. கொரியாவில் நெடுங்காலம் 'சங்கமே கூடாது' என்ற கொள்கை வைத்திருந்த அதே நிறுவனத்தின் தலைமை 2020இல் அதைக் கைவிடுவதாக அறிவித்ததும், அங்கேயும் 2024இல்தான் முதல் வேலைநிறுத்தம் நடந்ததும் தற்செயலா என்று யோசிக்க இடமிருக்கிறது.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பதிவு அரசு கொடுப்பது. உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்வது அங்கீகாரம். மகாராஷ்டிரத்தில் அங்கீகாரத்துக்கு 1971இலேயே சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் இதை மாற்றுகிறது. ஆலையின் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் குறைந்தது 20 சதவீத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு கவுன்சில். அதே சட்டம் குறித்த கால வேலை ஒப்பந்தத்தையும் முறைப்படுத்துகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கவேண்டும்.

மூன்று வருசம்

எங்கள் அக்கா மகள் ஒருத்தி ப்ளஸ் டூ முடித்த கையோடு ஒரு நூற்பாலைக்குப் போனாள். விடுதி, சாப்பாடு, மூன்று வருசம் முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை. சங்கம் பற்றிக் கேட்டேன்.

"சங்கமா மாமா? அதெல்லாம் ஆம்பளையாளுக சமாச்சாரம். நான் என்ன அங்கேயேவா இருக்கப் போறேன்? மூணு வருசத்துல வந்துருவேன்ல."

என் வரைபடம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

கோயம்புத்தூர், மதுரைப் பழைய மில்களில் ஆண்கள் நிரந்தரத் தொழிலாளர்களாக முப்பது வருசம் இருந்தார்கள். எங்கள் சித்தப்பா மதுரையில் மில் வேலை பார்த்தவர். அவருக்குச் சங்கம் என்பது ரேஷன் கார்டு மாதிரி, இருக்கும், அவ்வளவுதான். 1990களுக்குப் பிறகு வந்த நூற்பாலைகள் பல வறண்ட மாவட்டங்களில், ஊருக்கு வெளியே, விடுதியோடு வந்தன. பதினெட்டை ஒட்டிய வயதுப் பெண்களைப் பயிற்சியாளர் என்ற பெயரில் மூன்று வருசத்துக்கு எடுத்தன. சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று பல பெயர்கள். இதில் நடந்த கொடுமைகள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் எண்ணிக்கையோடு நிற்கிறேன்.

மேலே போட்ட அதே கணக்கை விடுதி மில்லுக்குப் போடுங்கள். ஆயிரம் பேர், 400 உறுப்பினர், புதியவர்களில் பத்துக்கு ஒருவர் சேர்கிறார். ஆனால் வருசத்துக்கு மூன்றில் ஒருவர் வெளியேறுகிறார். பழைய மில் 40 வருசத்தில் 16 சதவீதத்துக்கு வந்தது. இது ஐந்தே வருசத்தில் 14. திருப்பிப் பாருங்கள். 40 சதவீதத்தை அப்படியே தக்கவைக்கப் பழைய மில்லில் வருசத்துக்குப் புதிதாக 16 பேரைச் சேர்த்தால் போதும். டீக்கடையில் முடித்துவிடலாம். விடுதி மில்லில் 133 பேரைச் சேர்க்கவேண்டும், ஒவ்வொரு வருசமும், வெளி ஆள் உள்ளே போக முடியாத கேட்டுக்குள். புதுச் சட்டத்தின் 51 சதவீதம் என்றால் 170 பேர். சங்கத்தை யாரும் தடுக்கவே வேண்டாம். வேலையின் கால அளவே தடுத்துவிடும்.

அதற்காக அந்தப் பெண்களுக்குக் கோபம் வராது என்று அர்த்தமில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த மாதம் பேச, அதற்கடுத்த மாதம் நினைவுபடுத்த ஓர் அமைப்பு வேண்டும்; மறியல் அதைத் தராது.

எனக்கு நம்பிக்கை தரும் ஓர் உதாரணம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் 2013இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை விடாமல் பிடித்தது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலைக் குழுமம் ஒரு பக்கம், எச் அண்ட் எம், கேப் போன்ற வாங்கும் கம்பெனிகள் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம். சுமார் 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம் லைனிலேயே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர், அவரும் தொழிலாளிதான். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் துணி வாங்குகிறவர்களிடம் கேட்க வழி இருக்கிறது. மூன்று வருசத்தில் ஆள் மாறினாலும் அந்த 25க்கு ஒன்று என்ற இடம் மாறாது; போகிறவள் வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகலாம். நினைவை ஆளிடம் வைக்காமல் நாற்காலியிடம் வைத்திருக்கிறார்கள். மென்பொருள்காரனுக்கு இது நன்றாகவே புரியும். எங்கள் துறையிலும் ஆட்கள் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுகிறோம், ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்தியும் என் தளத்தில் சங்க உறுப்பினர் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை, நான் உட்பட. நாங்களும் "மூணு வருசத்துல வந்துருவேன்" கோஷ்டிதான், ஆங்கிலத்தில் சொல்கிறோம்.

குமாரலிங்கபுரம் பூங்காவின் திட்டத்தில் தொழிலாளர் தங்கும் விடுதியும் இருக்கிறது. விடுதியே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜார்க்கண்டிலிருந்து வருகிற பெண் எங்கே தங்குவாள்? நான் பார்க்கப் போவது வேறு சிலவற்றை. ஆலைகள் திறந்ததும் வேலை உத்தரவில் எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது. சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்திலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருகிறவர்கள் எத்தனை பேர், உள்ளேயே தங்குகிறவர்கள் எத்தனை பேர். ஞாயிற்றுக்கிழமை அந்த கேட் திறந்திருக்குமா. அப்புறம், பூங்காவில் உள்ள எல்லா ஆலைகளுக்கும் சேர்த்துத் திருப்பூர் மாதிரி ஒரே சம்பளப் பேச்சா, ஆலைக்கு ஆலை தனியா. அக்கா மகளின் மூன்று வருசம் அடுத்த ஆனியில் முடிகிறது. திரும்பி வந்தால் பூங்காவில் வேலைக்குப் போவேன் என்கிறாள், வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால்.